சம்பளம் கூடியது, நேரம் எங்கே போனது?

வாரம் 90 மணி நேரம் உழைக்க வேண்டும், ஞாயிறும் வேலை வாங்க முடியவில்லையே என்று எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் பேசியது 2025 ஜனவரியில் பெரும் சர்ச்சையானது. கணக்குப் போட்டால், ஏழு நாளும் தினம் ஏறக்குறைய 13 மணி நேரம்! தூங்கி எழுந்தால் பிள்ளையின் முகம் பார்க்க என்ன மிஞ்சும்?

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. ராஜினாமா செய்தவருக்கு இரண்டு வேலை நாளில் சம்பள பாக்கி தர வேண்டும். குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை உண்டு. வேலை மாறுவோருக்கு இவை நல்ல செய்திகள்.

ஆனால் நாளுக்கு எட்டு மணி நேரம் என்ற வரம்பு 'தொழிலாளி'க்கு மட்டுமே. மேலாளர்களும், 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் அந்த வரையறைக்குள் வரமாட்டார்கள். அதாவது, பதவி உயர்வோடு சட்டத்தின் பாதுகாப்பும் கைநழுவுகிறது.

திருவெண்ணெய்நல்லூரிலிருந்து சென்னை, பெங்களூரு சென்ற நம் பிள்ளைகள் கம்பெனி மாறும்போது நாம் கேட்பது சம்பளம் எவ்வளவு என்றுதான். இனி இவற்றையும் கேட்போம்: எத்தனை மணிக்கு வீடு திரும்புவாய்? ஜும்ஆவுக்கு விடுவார்களா? இரவில் போன் வருமா? நோட்டீஸ் காலம் எத்தனை நாள்?

பதில்களை ஆஃபர் கடிதத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்டு வாங்குங்கள். வீட்டுக் கடனை நாம் அதிகமாக ஏற்றிவைத்தால், அவர்களால் எந்த வேலையையும் மறுக்க முடியாது என்பதையும் மறக்க வேண்டாம்.