கோல் போடாதவர் வாங்கிக் கொடுத்த கோப்பை

1973 டிசம்பர் 27ஆம் தேதி எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி மைதானத்தில் சந்தோஷ் கோப்பை இறுதி ஆட்டம். கேரளமும் ரயில்வேயும் மோதின. கேரளம் 3-2 என்று ஜெயித்தது. மூன்று கோலையும் போட்டவர் கேப்டன் மணி. கேரளத்துக்கு அதுதான் முதல் சந்தோஷ் கோப்பை. அரசாங்கம் விடுமுறையே விட்டது. ‘கேப்டன் மணி’ என்ற பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது.

அந்த அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் யார் தெரியுமா? நம் தமிழ்நாட்டுக்காரர், சைமன் சுந்தர்ராஜ். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடியவர். அந்த அணி ஹங்கேரியிடம் 2-1 என்று தோற்றது, பிரான்சுடன் 1-1 என்று சமன் செய்தது, பெருவிடம் 3-1 என்று தோற்றது. அதற்குப் பிறகு இன்றுவரை இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக் மைதானத்தை மிதிக்கவில்லை. அந்தக் கடைசி அணியில் இருந்த ஒருவர், பதின்மூன்று வருடம் கழித்து அண்டை மாநிலத்துக்குப் போய் கோப்பை வாங்கிக் கொடுத்திருக்கிறார். நம் ஊரில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

நம் பழக்கம் அப்படி. கோல் போட்டவனைத் தோளில் தூக்குவோம். அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர் கூட்டத்தில் எங்கே நிற்கிறார் என்று தேட மாட்டோம். இதனால் பயிற்சியாளருக்கு மனவருத்தம் மட்டும்தான் என்றால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். நஷ்டம் நமக்கு.

ஏன் என்று சொல்கிறேன். ரோமுக்குப் போன அணியின் பயிற்சியாளர் ஐதராபாத் சையத் அப்துல் ரஹீம். அடிப்படையில் பள்ளி ஆசிரியர். 1951இலும் 1962இலும் ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிக் கொடுத்தவர். அவரிடம் பயின்ற சைமன், கேரளத்துக்குப் பயிற்சி கொடுத்தார். அந்த 1973 அணியின் துணைக் கேப்டன் டி.ஏ. ஜாபர், பின்னாளில் தானே பயிற்சியாளரானார். 1992, 1993 என்று அடுத்தடுத்து இரண்டு முறை கேரளம் கோப்பை வாங்கியது அவர் பயிற்சியில்தான். அதில் 1992 கோப்பை கிடைத்தது எங்கே? நம் கோயம்புத்தூரில்!

ரஹீம், சைமன், ஜாபர். ஒரு கையிலிருந்து அடுத்த கைக்கு வித்தை போயிருக்கிறது. ஆட்டக்காரனின் கால் முப்பத்தைந்து வயதில் ஓய்ந்துவிடும். அவன் கற்றது அடுத்தவனுக்குப் போனால்தான் நிற்கும். கேரளம் இதுவரை ஏழு முறை சந்தோஷ் கோப்பை வாங்கிவிட்டது. தமிழ்நாடு 2012இல் இறுதி ஆட்டம் வரை போய் சர்வீசஸிடம் தோற்றது. கோப்பையை இன்னும் ஒரு முறைகூடத் தொடவில்லை.

வெளிநாட்டிலும் இதே கதைதான். உக்ரைனின் கீவ் நகரத்தில் லோபனோவ்ஸ்கி என்று ஒருவர். டைனமோ கீவ் அணியில் ஆடி, பிறகு அதே அணிக்குப் பயிற்சியாளர் ஆனவர். அவரிடம் வளர்ந்த ஒலெக் பிளாகின் 1975இல் ஐரோப்பாவின் சிறந்த வீரர். அதே பிளாகின் 2006இல் பயிற்சியாளராக உக்ரைனை முதன்முறையாக உலகக் கோப்பைக்கு அழைத்துப்போய்க் கால் இறுதி வரை கொண்டு வந்தார். அந்த அணியின் கேப்டன் ஷெவ்சென்கோ, அவரும் லோபனோவ்ஸ்கியின் பிள்ளைதான். 2021 யூரோ போட்டியில் அவர் பயிற்சியாளராக நின்று உக்ரைனைக் கால் இறுதிக்குக் கொண்டு போனார். 2003இல் மிலன் அணியோடு ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது, பதக்கத்தை எடுத்துக்கொண்டு நேராகத் தன் குருவின் கல்லறைக்குப் போனவர் இந்த ஷெவ்சென்கோ. லோபனோவ்ஸ்கி அதற்கு முந்தைய வருடம்தான் காலமாகியிருந்தார்.

சரி, இதற்கும் கெலமங்கலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1973 கேரள அணி வானத்திலிருந்து குதிக்கவில்லை. மணி, ஃபாக்ட் உரத் தொழிற்சாலைக்காரர். ஜாபர், களமசேரி பிரீமியர் டயர்ஸ்காரர். ஆலைகள் அணி வைத்திருந்தன, வேலை கொடுத்தன, சாயங்காலம் பயிற்சிக்கு விட்டன. இந்தப் பக்கம் பெங்களூரில் எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. ஆலை அணிகள் தேசிய லீக் வரை ஆடின. நமக்கும் ஓசூர் சிப்காட் வந்து பல வருடம் ஆகிவிட்டது. கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை, ராயக்கோட்டை என்று சுற்று வட்டாரமே ஷிப்ட் பஸ்ஸை நம்பித்தான் எழுந்திருக்கிறது. ஆலைகளுக்குக் குறைவில்லை, பிள்ளைகளுக்கும் குறைவில்லை.

நான் வேலை பார்த்த இடத்திலும் ஒரு டீம் இருந்தது. போட்டிக்கு முதல் வாரம் புது ஜெர்சி வரும். போட்டி முடிந்ததும் பந்து ஸ்டோர்ஸுக்குள் போய்விடும். சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும் என்று கேட்டோம். ‘பட்ஜெட்டில் அதற்குத் தலைப்பு இல்லை’ என்று பதில் வந்தது. மெஷின் ஷாப் ஃபிட்டர் ஒருவர்தான் விசிலை வைத்துக்கொண்டு எங்களை விரட்டுவார். அவர் ரிட்டையர் ஆனார், டீமும் ரிட்டையர் ஆகிவிட்டது.

இன்று அந்தச் சாக்கு செல்லாது. 2013 கம்பெனிச் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வரவு செலவோ சொத்தோ உள்ள நிறுவனங்கள், மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். எதற்கெல்லாம் செலவழிக்கலாம் என்ற பட்டியலில் கிராமப்புற விளையாட்டுக்கும் ஒலிம்பிக் விளையாட்டுக்கும் பயிற்சி கொடுப்பது இருக்கிறது. ‘பயிற்சி’ என்ற சொல்லே அதில் இருக்கிறது. ஆனால் நாம் பார்ப்பதெல்லாம் பேனர், டி-ஷர்ட், கோப்பை, போட்டோ. ஒரு நாள் போட்டி நடத்துகிற காசில், ஒரு பயிற்சியாளருக்குச் சில மாதச் சம்பளம் கொடுத்துவிடலாம்.

‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு கிரிக்கெட்டை விட்டால் வேறு என்ன தெரியும்?’ என்பார்கள். தெரியாதுதான். சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தால்தானே தெரியும். ‘பழைய ஆட்டக்காரர் எல்லோரும் நல்ல பயிற்சியாளர் ஆகிவிடுவார்களா?’ என்றும் கேட்பார்கள். ஆக மாட்டார்கள். ஆடுவது ஒரு வித்தை, ஆட வைப்பது வேறு வித்தை. அதற்காகத்தான் கால்பந்து சங்கம் டி லைசென்ஸ் தொடங்கிப் படிப்படியாகப் படிப்பு வைத்திருக்கிறது. ஆர்வமுள்ள நான்கு பேரை அதற்கு அனுப்பி, வந்தபின் அவர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்தால் போதும். சும்மா வந்து சொல்லிக் கொடுங்கள் என்று கேட்பதுதான் தவறு. வெல்டருக்குக் கூலி உண்டு, பயிற்சியாளருக்கு மட்டும் கும்பிடு போதுமா?

ஆலைகளில் இன்னும் பணியில் இருக்கும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை நிர்வாகத்தோடு பேச உட்காரும்போது, ஜெர்சியைக் கேட்காதீர்கள். வாரம் ஐந்து நாள், மாலை இரண்டு மணி நேரம், நம் அரசுப் பள்ளி மைதானத்தில் நிற்க, சம்பளத்தோடு ஒரு ஆளைக் கேளுங்கள். என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் மைதானத்துக்குத் தண்ணீர் தெளிக்கவும் சுண்ணாம்புக் கோடு போடவும் வருகிறோம். முழங்கால் வலி இருந்தாலும் வருகிறோம்.