இரும்புக்கான பிட் மரத்துக்கு எதற்கு?

டிரில் மெஷின் வாங்கப் போகிறவர்கள் எத்தனை வாட்ஸ், எத்தனை வோல்ட் பேட்டரி என்று துருவித் துருவி விசாரிக்கிறார்கள். அதன் வாயில் மாட்டப்போகும் பிட்டைப் பற்றி அநேகமாக யாரும் கேட்பதில்லை. பெட்டியோடு எது வருகிறதோ அதுதான். மரவேலையைப் பொறுத்தவரை இந்த அக்கறை இடம் மாறியிருக்கிறது. துளை குறித்த இடத்தில் விழுமா, ஓரம் சிலாம்பு எடுக்காமல் இருக்குமா, திருகாணி இறுகப் பிடிக்குமா என்பதெல்லாம் பிட்டின் முனையைப் பொறுத்தது. மெஷின் அந்த முனையைச் சுற்றிவிடுகிறது, அவ்வளவே.

பெட்டியோடு வருபவற்றில் பெரும்பாலும் இரண்டு வகை இருக்கும். ஒன்று சுவருக்கானது. அதன் நுனியில் ஒட்டியிருக்கும் கார்பைடு துண்டு வேண்டுமென்றே மழுங்கலாகச் செய்யப்பட்டது, ஏனென்றால் செங்கலையும் கான்கிரீட்டையும் அது வெட்டுவதில்லை, இடித்துப் பொடியாக்குகிறது. மரத்தில் வைத்தால் தேய்த்துக் கருக்கத்தான் செய்யும். மற்றொன்று எல்லோருக்கும் பழக்கமான முறுக்கு பிட். அமெரிக்காவில் ஸ்டீபன் மோர்ஸ் 1863-இல் காப்புரிமை பெற்ற வடிவத்தின் வழிவந்தது அது. இன்றும் அதன் நுனி பொதுவாக 118 பாகைக் கோணத்தில் கூம்பாகத் தீட்டப்படுகிறது. உலோகத்துக்கு அது அருமையான வடிவம். இரும்பு எந்தப் பக்கம் வெட்டினாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வெட்டுப்படும். மரம் அப்படியில்லை. அது ஒரே திசையில் ஓடும் நார்களின் கட்டு. கூம்பு முனை நாரை அறுப்பதற்கு முன்பே நெம்பித் தூக்குகிறது. தூக்கப்பட்ட நார் துளையின் விளிம்பைத் தாண்டியும் பிய்ந்துகொண்டு வருகிறது. தேக்கின் வளர்ச்சி வளையங்களில் மென்மையான பகுதியும் கடினமான பகுதியும் மாறி மாறி வரும். கூம்பு முனை கடினத்திலிருந்து வழுக்கி மென்மையை நோக்கி நகர்வதால், பென்சிலால் குறித்த இடம் ஓரிடமும் துளை வேறிடமுமாகப் போகிறது.

மரத்துக்கென்று செய்த பிராட் பாயின்ட் பிட் இந்த இரண்டு கோளாறுக்கும் விடை. நடுவில் ஒரு கூரிய முள், ஓரத்தில் இரண்டு கத்தி நுனிகள். முள் முதலில் இறங்கி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஓர நுனிகள் நார்களை வட்டமாக அறுத்த பிறகே உள்ளிருக்கும் வெட்டுமுனை சீவலைத் தூக்குகிறது. அறுத்துவிட்டுத் தூக்குவது, அறுக்காமல் தூக்குவது: வேறுபாடு முழுவதும் இந்த வரிசையில்தான் இருக்கிறது.

“இரும்பு பிட்டாலும் மரத்தில் ஓட்டை விழத்தானே செய்கிறது? உள்ளே மறையும் துளை எப்படி இருந்தால் என்ன?” என்று கேட்கலாம். பாதி நியாயம் இதில் உண்டு. திருகாணிக்கு முன்துளை போடும் 2, 3 மில்லிமீட்டர் அளவில் சாதாரண முறுக்கு பிட் போதும். அங்கே வேறொன்று தேடுவது வீண். உண்மையில் அந்த முன்துளையையே பலர் போடுவதில்லை என்பதுதான் வருத்தம். திருகாணியைச் சுத்தியலால் பாதி அடித்து இறக்கிவிட்டு, மிச்சத்தைத் திருகுகிறார்கள். அடித்த பகுதியில் மரை நாரைக் கிழித்துக்கொண்டு இறங்குவதால் பிடிப்பு போய்விடுகிறது. சில வருடங்களில் கீல் தொங்குகிறது. ஆனால் மறைகிற துளை என்ற வாதம் மர ஆணி வைத்து ஒட்டும் இணைப்பில் எடுபடாது. 8 மில்லிமீட்டர் மர ஆணிக்குப் போட்ட துளை அலைந்து அகன்றால் பசைக்கும் மரத்துக்கும் நெருக்கமான தொடர்பே இராது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துளைதான் நாற்காலியின் காலைத் தாங்குகிறது.

பெரிய துளைகளில் தவறின் விலை இன்னும் கூடுகிறது. அலமாரிக் கதவின் மறைகீலுக்கு 35 மில்லிமீட்டர் அகலத்தில், சுமார் 12 மில்லிமீட்டர் ஆழத்தில், அடி தட்டையாக ஒரு குழி வேண்டும். கதவோ 18 மில்லிமீட்டர் பிளைவுட். தட்டையான ஸ்பேட் பிட் மலிவு, வேகமும் உண்டு; ஒயர் கொண்டுபோகும் துளைக்கு அதுவே போதும். இங்கே அதன் நீண்ட நடுமுனை கதவின் முகப்பைத் துளைத்து வெளியே வந்துவிடக்கூடும். இந்தக் குழிக்கு ஃபார்ஸ்ட்னர் பிட்டோ, கீலுக்கென்றே விற்கும் பிட்டோதான் சரி. துப்பாக்கி செய்பவரான பெஞ்சமின் ஃபார்ஸ்ட்னர் 1874-இல் காப்புரிமை பெற்ற அந்த பிட்டை வழிநடத்துவது அதன் சுற்று விளிம்பு. நடுமுனை பெயருக்குத்தான் இருக்கும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: ஒரே சுழற்சி வேகத்தில் 35 மில்லிமீட்டர் பிட்டின் ஓரம், 5 மில்லிமீட்டர் பிட்டின் ஓரத்தைவிட ஏழு மடங்கு வேகமாக மரத்தில் உரசுகிறது. அதனால் பெரிய பிட்டுக்கு வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும். புகை வந்தால் மரம் கருகுகிறது, பிட்டின் கூரும் போய்க்கொண்டிருக்கிறது.

அனுபவமுள்ள ஆசாரி ஒரே முறுக்கு பிட்டை வைத்துக்கொண்டு நல்ல வேலை செய்வதைக் காட்டி மறுப்பவர்களும் உண்டு. அவர் குறித்த இடத்தை முதலில் ஊசியால் குத்திக்கொள்கிறார், மறுபக்கம் ஒரு கழிவுப் பலகையைச் சேர்த்துப் பிடிக்கிறார், துளை வெளியேறும் நேரத்தில் அழுத்தத்தைக் குறைக்கிறார். பிட்டின் குறையைக் கை ஈடுகட்டுகிறது. அந்தக் கை இல்லாத நமக்குத்தான் சரியான பிட் அதிகம் தேவை. செலவைச் சொல்வதிலும் பொருளில்லை. தங்க நிறப் பூச்சுடன் நூறு துண்டுகள் அடங்கிய பெட்டியை வாங்குகிறவர் அதில் பெரும்பாலானதைத் தொடப்போவதில்லை. பூச்சு முனையின் வடிவத்தை மாற்றுவதுமில்லை.

வீட்டு மரவேலைக்கு 2, 3 மில்லிமீட்டரில் நல்ல முறுக்கு பிட்டுகள், 6, 8, 10 மில்லிமீட்டரில் பிராட் பாயின்ட், மறைகீல் வேலை உண்டென்றால் ஒரு 35 மில்லிமீட்டர் ஃபார்ஸ்ட்னர், இவற்றைத் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். தேக்கில் உள்ள சிலிக்காவும் பிளைவுட்டின் பசையும் கூரைச் சீக்கிரம் தின்றுவிடும். மழுங்கியதைச் சாணை பிடியுங்கள், முடியாவிட்டால் மாற்றிவிடுங்கள். சுவர் பிட்டுகளை வேறு டப்பாவில் வையுங்கள்.