வரையாடு காணச் சென்றோம்

தேர்வை நன்கு எழுதினால் காட்டு யானை காட்டுகிறோம் என்று மறைக்கல்வி மாணவர்க்குத் தவக்காலத்தில் வாய் தவறி வாக்களித்துவிட்டோம். பிள்ளைகள் மறப்பார்களா? பாஸ்கா விழா முடிந்த அடுத்த வாரமே 22 பேரும் ஆலய முற்றத்தில் கூடிவிட்டனர். ஆசிரியைகள் இருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, மூணாற்றை அடுத்த இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குப் புறப்பட்டோம். வேனில் ஓரிடம் மீதமிருந்தது. நம் ஆலயத்தைப் பெருக்கித் துப்புரவு செய்யும் மூதாட்டி, "நானும் வரட்டுங்களா சாமி? நான் பொறந்து வளந்த மலை" என்றார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அங்குத் தேயிலைக் கொழுந்து பறித்து, ஓய்வு பெற்றபின் மகனோடு நம் கம்பம் பள்ளத்தாக்கில் குடியேறியவர் அவர்.

போடிமெட்டு வளைவுகளில் பிள்ளைகள் சிலருக்குக் குமட்டல் எடுத்ததை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பத்து மணியளவில் பூங்காவின் வாயிலை அடைந்தோம். அங்கே நம் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. வனத்துறைப் பேருந்தே இராஜமலைக்கு ஏற்றிச் செல்கிறது. அதற்கு மேல் நடை. எதிரே ஆனைமுடி, 2,695 மீட்டர்; இமயத்துக்குத் தெற்கே பாரதத்தில் அதனினும் உயர்ந்த சிகரம் இல்லை. பெயரில் ஆனை இருந்ததேயன்றிக் கண்ணில் ஆனை படவில்லை. மூடுபனி இறங்கி, மலையையே விழுங்கிவிட்டது. "ஃபாதர், யானை எங்கே? புலி எங்கே?" என்று தொடங்கி, கால் மணி நேரத்தில் "ஃபாதர், சாப்பாடு எப்போது?" என்ற நிலைக்கு வந்துவிட்டனர்.

மூதாட்டியோ சாலையோரக் கல்லில் அமைதியாக அமர்ந்தார். "சத்தம் போடாதீங்கடா. புல்லைப் பாக்காதீங்க, பாறை விளிம்பைப் பாருங்க. அது பாறை நிறத்துலயே இருக்கும்; காதை ஆட்டினாத்தான் தெரியும்" என்றார். பாறையையே நோக்கி நின்றோம். பனி சற்று விலகியது. ஒரு பாறையின் காது அசைந்தது! பிறகு மற்றொன்று. எண்ணத் தொடங்கிய சிறுவன் பதினேழில் நிறுத்தினான். பெட்டைகளும், அவற்றின் வயிற்றோடு ஒட்டி நின்ற குட்டிகளும், தனியே மேட்டில் கருமை படர்ந்த கிடா ஒன்றும் இருந்தன. முதிர்ந்த கிடாவின் முதுகில் வெள்ளிச் சேணம் இட்டாற்போல் வெளிறிய திட்டு ஒன்று அமைகிறது. செங்குத்தான பாறையில் அது இறங்கிய வகையைக் கண்டு, நமக்கே உள்ளங்கால் கூசியது.

இதுவே வரையாடு. சங்கப் புலவர்கள் வருடை என்று பாடிய விலங்கு. இன்று தமிழ்நாட்டின் மாநில விலங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையன்றி உலகில் வேறெங்கும் இது இயற்கையாய் வாழ்வதில்லை. 2025 ஆம் ஆண்டில் தமிழ்நாடும் கேரளமும் ஒருங்கே எடுத்த கணக்கில் மொத்தம் 2,668 என்று கண்டனர். நம் பங்கு மக்கள் தொகையைவிடச் சற்றே கூடுதல். இன்னொரு செய்தியும் உண்டு. இது பெயரளவில் ஆடாயினும், உறவால் செம்மறிக்கே நெருங்கியது என்று 2005 ஆம் ஆண்டில் அறிவியலார் கண்டறிந்தனர். செம்மறிகளை வலப்புறமும் வெள்ளாடுகளை இடப்புறமும் நிறுத்தும் அந்த நாளில், இந்த ஒன்றை எப்பக்கம் நிறுத்துவது என்று நாம் இனிக் குழம்பத் தேவையில்லை.

இம்மலை ஒருகாலத்தில் தேயிலைத் தோட்டத் துரைமாரின் வேட்டைக்காடாக இருந்தது. அவர்களே பின்னர் அதைக் காக்கவும் செய்தனர். மலையின் மூத்த குடிகளான முதுவர்கள் காவலராய் அமர்ந்தனர். 1971 ஆம் ஆண்டில் கேரள அரசு நிலத்தை மீட்டது. 1975 இல் சரணாலயமும், 1978 இல் தேசியப் பூங்காவும் ஆயிற்று. ஆண்டுதோறும் பெட்டைகள் குட்டி ஈனும் பருவத்தில், ஏறத்தாழப் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில், பூங்காவை அடைத்துவிடுகின்றனர். ஈற்றுக்கு ஒரு குட்டியே பெரும்பாலும் பிறக்கிறது. ஆதலின் அத்துணைக் கவனம்.

இனி நம் குற்றத்தைச் சொல்ல வேண்டும். இங்குள்ள வரையாடுகள் மனிதரைக் கண்டு அஞ்சுவதில்லை. குட்டி ஒன்று சாலையோரம் வரை இறங்கி வந்தது. மாணவன் ஒருவன் பையிலிருந்து பிஸ்கோத்தை எடுத்து நீட்டினான். தடுத்திருக்க வேண்டிய நாமோ, படம் எடுக்கக் கைப்பேசியைத் தேடிக்கொண்டிருந்தோம். வனக்காவலர் விரைந்து வந்து பிஸ்கோத்தைப் பறித்துக்கொண்டார். சிறுவனை அவர் ஒன்றும் சொல்லவில்லை. நம்மைப் பார்த்துப் பாதிரியாருமா இப்படி என்று மலையாளத்தில் கேட்டார். மறுமொழி கூற நம்மிடம் ஒன்றும் இல்லை.

திரும்பும் நேரமாயிற்று. மூதாட்டியைக் காணோம். சாலை வளைவில், பனி மூடிய பக்கத்தை நோக்கி நின்றிருந்தார். "அங்கிட்டுத்தான் பெட்டிமுடி, சாமி" என்றார்.

2020 ஆகஸ்டு 6 ஆம் நாள் இரவு, பெருமழையில் மலை சரிந்து பெட்டிமுடியின் லயங்களை மூடியது. உறங்கிக்கொண்டிருந்தவர்கள் தோட்டத் தொழிலாளரும் அவர்தம் பிள்ளைகளும், பெரும்பாலோர் தமிழர். மறுநாள் காலையில்தான் செய்தி வெளியே வந்தது. 70 பேர் மாண்டனர். அவர்களில் நால்வரின் உடல் இன்றளவும் கிடைக்கவில்லை. நாம் வரையாடு தேடி வந்த இதே பூங்காவின் வழியேதான் அவ்வூருக்குப் பாதை செல்கிறது. செய்தித்தாளில் அன்று படித்திருந்தோம், ஜெபித்தும் இருந்தோம். ஆயினும் பயணத்துக்கு இடம் தேர்ந்தபோது ஆனைமுடி நினைவுக்கு வந்ததேயன்றிப் பெட்டிமுடி வரவில்லை.

"ஆடு குட்டி போடுற ரெண்டு மாசத்துக்கு யாரையும் விடமாட்டாங்க. நல்லதுதான். அதுக்கு வாய் இல்ல" என்றார் மூதாட்டி. சற்று நேரம் கழித்து, "எங்க லயத்துக்கு மேலயும் மலைதான் சாமி. மழை ராத்திரியில யாரும் வந்து எந்திரிங்கன்னு சொன்னதில்ல" என்றார். அவர் குரலில் சினம் இல்லை. நாம் ஆறுதலாக ஏதோ தொடங்கினோம். அதற்குள் பேருந்து வந்துவிட்டது.

இறங்கும் வழியெல்லாம் பிள்ளைகள் பட்டியல் எழுதினர்: வரையாடு 31, மலையணில் ஒன்று, பெயர் தெரியாத பறவைகள் பல, யானை இல்லை. வாக்கு நிறைவேறாத கடன் நம் தலையில் இன்னும் இருக்கிறது. போடிமெட்டு இறங்குமுன் அனைவரும் உறங்கிப்போயினர். மூதாட்டி மட்டும் விழித்திருந்து, முன்னிருக்கையில் இருந்த நம்மிடம், ஆகஸ்டு 6 ஆம் நாள் மாலைத் திருப்பலிக்கு வேறு கருத்து உண்டா என்று கேட்டார். அன்று ஆண்டவர் மலைமேல் தோற்றம் மாறிய விழா. வேறு கருத்து ஏதும் இல்லை என்றோம். கூட வேலை பார்த்தவர்களும் அவர்தம் பிள்ளைகளுமாகப் பதினொரு பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். வண்டியின் ஆட்டத்தில் எழுத்து கோணலாயிற்று. வீடு சேர்ந்தபின் திருப்பலிக் குறிப்பேட்டில் திருத்தமாய் எழுதிக்கொண்டோம்.