கிணற்றின் கணக்கைக் காட்டுங்க

1990களில் வடமத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்ட, காரணம் தெரியாத சிறுநீரக நோயை மாவட்டச் சராசரியில் அளக்காதீங்க என்கிறோம். வரைபடத்தில் மாத்தளைக்கு ஒரே நிறம் தீட்டினால், தெற்கின் ஈரமலையும் தம்புள்ளையின் உலர் வலயமும் ஒன்றாகிடும். நோய் பதிவான வில்கமுவ அதற்குள்ள மறைஞ்சிடும்.

வன்நீர், புளோரைட், விவசாய இரசாயனம், கடும் வெயில் எல்லாமே சந்தேகப் பட்டியலில் இருக்கு. 2015இல் கிளைபோசேட்டைத் தடைசெய்தாங்க. 2018இல் தேயிலை, இறப்பருக்குத் தளர்த்தினாங்க. எந்தக் கிணற்றுத் தண்ணியைக் குடிக்கலாம் என்ற கேள்வி மட்டும் அப்படியே நிக்குது.

பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளிலேயே தண்ணி மாறும். கிணறு கிணறாய்ச் சோதித்து, நோயாளிகள் வாழ்ந்த இடங்களோடு பொருத்திப் பார்க்கணும். முடிவைச் சிங்களத்திலும் தமிழிலும் ஊரில் ஒட்டணும். "ஊர்ப் பெயர் கெட்டுடும்" என்பாங்க. நோயாளியின் பெயரை நாங்க கேட்கல. கிணற்றின் கணக்கைத்தான் கேட்கிறோம்.