பாதி வரைந்த வரைபடம்

மாணவ நண்பர்களே, ஒரு வரைபடத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கிடை அச்சில் மேட்டூர் அணையின் நீர்மட்டம், 0 முதல் 120 அடி வரை. குத்து அச்சில் நீர் இருப்பு. அணை நிரம்பினால் 93.47 டி.எம்.சி.; ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி. மட்டம் ஏற ஏற இருப்பு எப்படி ஏறுகிறது? இதுவும் ஒரு சார்புதான். தஞ்சைப் பக்கத்தில் குறுவைக்கு நாற்று விடலாமா என்று யோசிக்கும் உழவருக்கு இது வயிற்றுப்பாடு.

இந்த வேலையை ஒரு கணிப்பொறியிடம் கொடுக்கிறோம். ஒவ்வொரு புள்ளியும் மெதுவாகத்தான் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாப் புள்ளிகளும் வரும்வரை வெறுந்திரையைக் காட்டுவது ஒரு முறை. எனக்கு அது பிடிப்பதில்லை. 1985-ல் வந்த காசியோ வரைபடக் கணிப்பான் எவ்வளவோ மேல். கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்து வளர்வதைக் கண்ணால் காணலாம். ஆனால் அதிலும் ஒரு குறை. தலைமடைக்கு முதலில் பாய்கிறது. கடைமடை காத்துக் கிடக்கிறது!

பாதி பாதியாகப் பிரித்துப் போவதே சிறந்தது என்பது என் கருத்து. முதலில் 0, 120. அடுத்து நடுவிலுள்ள 60. பிறகு 30, 90. அப்புறம் 15, 45, 75, 105. மூன்றாவது புள்ளியிலேயே செய்தி கிடைத்துவிடுகிறது: 60 அடியில் இருப்பு சுமார் 25 டி.எம்.சி.தான். பாதி உயரம், கால் பங்குக்குச் சற்றே கூடுதலான நீர்! அடி குறுகி மேலே விரியும் பள்ளத்தாக்கு அல்லவா? 2024-ல் ஜூன் 12 அன்று மட்டம் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியிருந்தும் அணையைத் திறக்க முடியவில்லை. ஜூலை 28-ல்தான் திறந்தார்கள்.

கணக்கில் பிழை இருந்தாலும் இப்படிச் செய்தால் சீக்கிரமே தெரிந்துவிடும். நிறுத்திவிட்டுத் திருத்தலாம்.

ஆனால் புள்ளிகளை அவசரப்பட்டுக் கோட்டால் இணைக்காதீர்கள். சைன் சார்பை 0, 360, 180 பாகைகளில் கணக்கிட்டால் மூன்றும் சுழி. இணைத்தால் தட்டையான கோடு! 90-ம் 270-ம் வந்த பிறகே அலை தலைகாட்டும். மேட்டூரில் இந்த ஏமாற்று நடக்காது. மட்டம் ஏறினால் இருப்பு குறையாது. ஆகவே 60-க்கும் 120-க்கும் இடையே எந்த மட்டமானாலும் இருப்பு 25-க்கும் 93.47-க்கும் நடுவில்தான் இருந்தாக வேண்டும். எல்லாச் சார்புக்கும் இந்த உறுதி கிடையாது. அதனால் கணிப்பொறி முதலில் புள்ளிகளை மட்டும் காட்டட்டும். கோடு பிறகு வரட்டும்.

அணையின் மட்டமும் இருப்பும் செய்தித்தாளில் வருகின்றன. 30, 90 அடிக்குரிய புள்ளிகளைத் தேடி உங்கள் தாளில் குறியுங்கள்.