பயன் நீங்கிய அறிவு

நடைமுறைப் பயனே அறிவின் மதிப்பை அறுதியிடும் என்னும் கருத்திற்குத் தூத்துக்குடிக் கடற்கரை மறுப்பாக அமைகிறது. அங்கு இறுதி முத்துச் சலாபம் 1961இல் நிகழ்ந்தது. அதனோடு, சிப்பி படியும் ‘பார்’களை இனங்காணும் அறிவும் முத்தைத் தரம் பிரிக்கும் அறிவும் தொழிற்பயனை இழந்தன. பயனே மதிப்பெனின், அவ்வறிவு அன்றே மதிப்பிழந்திருக்க வேண்டும். ஆயின், முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள் முத்துகளை வட்டம், அனுவட்டம், சப்பத்தி எனப் பகுத்துரைக்கும் வேறுபாடுகள் இன்றும் உண்மையே. அவ்வறிவு தொழிலிலிருந்தே பிறந்தது என்பது மறுக்கவியலாதது; எனினும், பிறப்பிற்குக் காரணமானது மதிப்பிற்கு அளவுகோலாகாது. எனவே, முத்துக்குளித்தோர் வழக்குச் சொற்களைத் தொகுக்கும் ஆய்வு, ‘இதனால் யாது பயன்?’ என்னும் வினாவிற்கு விடையளித்த பின்னரே தொடங்க வேண்டுவதில்லை. விடைக்குக் காத்திருப்பின், சொல்லறிந்தோர் மறைந்துவிடுவர்.