இன்னொரு கரண்டி

தாம்பரத்துக்காரர்களுக்கு இரண்டு ஜி.எஸ்.டி. உண்டு. ஒன்று, வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே ஊர் நடுவே ஓடும் கிராண்ட் சதர்ன் ட்ரங்க் ரோடு. இன்னொன்று, 2017 ஜூலையில் வந்த வரி. வந்தபோது டைல்ஸுக்கு அது 28 சதவிகிதம். அந்த வருஷம் நவம்பரில் 18 ஆக இறங்கியது.

முதல் ஜி.எஸ்.டி.யில் இருக்கும் கடைக்குப் போய், இரண்டாவது ஜி.எஸ்.டி.யைக் கட்டிவிட்டு டைல்ஸ் வாங்கி வருகிறோம். ஆயிரம் ரூபாய்க்கு 180 ரூபாய் வரி. வாயைத் திறப்பதில்லை. நம் வீரமெல்லாம், அதை ஒட்ட வருகிற கொத்தனாரிடம்தான்.

"என்னப்பா, 16 சதுர அடி வேலைக்கு இவ்வளவு கேக்குறே? அநியாயமா இல்ல?"

அவருக்கு உங்களைவிடப் பத்து வயது அதிகம் இருக்கலாம். ஆனாலும் 'கேக்குறே'தான். கையில் கரண்டி வைத்திருப்பவரை 'வாங்க, போங்க' என்று பேச நம் நாக்கு பழகவில்லை.

நான் ஒன்று சொல்கிறேன். அந்த 16 சதுர அடியை நீங்களே ஒட்டிப் பாருங்கள். கிண்டல் இல்லை, நிஜமாகத்தான். அடுப்புக்குப் பின்னால் 8 அடி நீளம், 2 அடி உயரம். ஒன்றுக்கு ஒன்றரை அடி டைல்ஸ் என்றால் 11 போதும். உடைசலுக்கு இரண்டு சேர்த்து 13. சிமென்ட் மாதிரியே மூட்டையில் டைல்ஸ் பசை விற்கிறது. 20 கிலோ மூட்டை ஒன்று வாங்கினால் மிஞ்சும்.

முதலில் சுவரில் இருக்கும் பெயின்ட்டைச் சுரண்டி எடுங்கள். பெயின்ட் மேல் ஒட்டினால், ஒருநாள் பெயின்ட்டோடு சேர்ந்து டைல்ஸும் கீழே வரும். பக்கத்தில் சுவிட்ச் இருந்தால் மெயினை அணைத்து விடுங்கள். ரசமட்டம் வைத்துக் கோடு போடுங்கள். பசையைக் குழைத்து, பல் வைத்த கரண்டியால் மூன்று, நான்கு சதுர அடிக்கு மட்டும் இழுங்கள். மொத்தச் சுவருக்கும் இழுத்தால், கடைசி டைல்ஸுக்கு வருவதற்குள் காய்ந்துவிடும். கல்லுக்குக் கல் இடைவெளி விட பிளாஸ்டிக் கட்டை கிடைக்கும். ஒருநாள் முழுக்க விட்டு, மறுநாள் இடுக்குகளை அடையுங்கள். அடுப்புப் பக்கம் எபாக்ஸி போட்டால் எண்ணெயும் மஞ்சளும் ஊறாது. முடிந்ததும் ஒவ்வொரு கல்லையும் நாணயத்தால் தட்டுங்கள். 'டொக்' என்று காலியாகச் சத்தம் வந்தால், பின்னால் பசை சேரவில்லை என்று அர்த்தம்.

இதைப் படித்தால் சுலபமாக இருக்கிறது. செய்யும்போதுதான், முதல் கல் ஒரு நூல் சாய்ந்தால் கடைசிக் கல் எவ்வளவு இழுக்கும் என்பது புரியும். தோள்பட்டை எங்கே இருக்கிறது என்பதும் புரியும்.

இன்னொரு கணக்கும் புரியும். பி.காம். படித்தவர்களுக்கு அடக்கவிலைக் கணக்கு என்று ஒரு பாடம் உண்டு. வேலை சின்னதானாலும் சில செலவுகள் சின்னதாகாது என்பது அதில் அரிச்சுவடி. 16 சதுர அடியோ 60 சதுர அடியோ, கொத்தனார் இன்று ஒட்டிவிட்டு நாளை இடுக்கு அடைக்கத் திரும்பி வந்தாக வேண்டும். உங்கள் வேலை மதியமே முடிந்தால், மீதி அரைநாளுக்கு அவருக்கு யார் வேலை தரக் காத்திருக்கிறார்கள்? அவர் கேட்பது 16 சதுர அடிக்கான விலை இல்லை சார், போன இரண்டு நாளுக்கான கூலி.

இன்னொன்று, தூசி. மெஷினை வைத்து டைல்ஸை உலர வெட்டும்போது பறக்கும் வெள்ளைத் தூசியில் சிலிக்கா இருக்கிறது. வருஷக்கணக்கில் அதைச் சுவாசித்தால் வருவது சிலிக்கோசிஸ். நுரையீரலைக் கெட்டிப்படுத்தும். குணப்படுத்த மருந்து இல்லை. நாம் என்ன செய்கிறோம்? ஹால் சோபாவில் படியாமல் இருக்க, அவரை உள்ளே விட்டுக் கதவைச் சாத்துகிறோம். கண்ணாடி வெட்டுவதுபோல் கீறி உடைக்கும் கைக் கட்டர் இருக்கிறது. மெஷின்தான் வேண்டுமென்றால், தண்ணீர் விட்டு வெட்டும் மெஷின் இருக்கிறது. தூசி பெருமளவு அடங்கும். 'அதைக் கொண்டு வாங்க, வாடகை நான் தரேன்' என்று என்றைக்காவது சொன்னோமா?

"அதெல்லாம் சரி, நாம போய் இந்த வேலையைச் செய்யறதா?" இந்தக் கேள்விதான் உண்மையான கேள்வி. நேரமில்லை, பழக்கமில்லை என்பதெல்லாம் சாக்கு. கை அழுக்காகும் வேலை வேறு யாரோ பிறந்து செய்ய வேண்டியது என்பது நமக்குள் ஊறிப்போன ஜாதி.

1953-ல் ராஜாஜி கொண்டு வந்த திட்டத்தில், பிள்ளைகள் பாதி நாள் பள்ளியிலும் பாதி நாள் அப்பன் தொழிலிலும் இருக்க வேண்டும் என்று இருந்தது. குலக்கல்வி என்று பெரியார் எதிர்த்தார். அடுத்த வருஷம் காமராஜர் வந்து அதை எடுத்தார். எடுத்தது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் கொத்தனார் மகன் கொத்தனாராகத்தான் இருக்க வேண்டும் என்பதற்கு உண்மையான பதில், கணக்குப்பிள்ளை மகனும் கரண்டி பிடிக்கட்டும் என்பதுதானே? அந்த இரண்டாவது பாதியை நாம் செய்யவே இல்லை. குரோம்பேட்டையிலும் மேடவாக்கத்திலும் நம் பிள்ளைகளைச் சேர்க்கும் பள்ளிகளில், கரண்டி பிடிக்கக் கற்றுத் தருகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

'கொத்தனார் பிழைப்பில் மண் போடுகிறாயே' என்று கோபிக்காதீர்கள். பாத்ரூம் தரையில் வாட்டம் பார்த்து, தண்ணீர் இறங்காமல் ஒட்ட அவர்தான் வர வேண்டும். ஒரு சுவரை நீங்கள் ஒட்டியிருந்தால், அன்றைக்கு அவரிடம் நூறு ரூபாய் குறைக்கச் சொல்ல உங்களுக்கு வாய் வராது.

சமையலறையில் ஏற்கனவே ஒரு கரண்டி இருக்கிறது. அதையே பிடிக்காத ஆண்கள் பலர். அவர்கள் இரண்டையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஆரம்பிக்கலாம்.